ஓட்டோவுக்கு முன்னால் நடக்கிறேன்

சுருவில்,
ஊர்காவற்றுறை.

அன்பு மகன் பிரதாபனுக்கு,

நயினை அம்மாளின் காவலில் நானும் உன் தங்கச்சி தர்சினி வீட்டாரும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். முதலில் நல்ல செய்தி. தர்சினியின் மூத்தவள் இந்துஜா சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்திருக்கிறாள், பள்ளிக்கூட வாசலில் பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள், போகிற வருகிற ஆட்களுக்கு நானே காட்டுகிறேன். சின்னவள் லக்சிகாவுக்குத் தேவாரப் போட்டியில் முதலாமிடம். உன் நிலக்ஷன் நீச்சலில் பதக்கம் எடுத்ததையும் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன், தீவுப் பிள்ளைக்குத் தண்ணீர் புதிதோ.

இனி என் விஷயம். அம்மாவைத் தெருவில நடக்க விட்டிட்டு என்ன செய்யிறாய், ஆக்கள் என்னைக் கேக்கினம் என்று நீ தொலைபேசியில் தர்சினியை ஏசியதில் அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவளில் பிழை இல்லை ராசா, நடக்கச் சொன்னது கிளினிக்கில். நீ மோட்டர் பூட்டித் தந்தாய், கிணற்றில் அள்ளுகிற வேலை போனது, முற்றம் கூட்ட ஆள் வைத்தாய், கோயிலுக்கும் ஓட்டோ. குறை சொல்லவில்லை, அதைச் சொல்லித்தான் தலை நிமிர்ந்து இருக்கிறேன். ஆனால் சாப்பாடு பழைய அளவாக இருக்க, இரத்தத்தில் சீனி மட்டும் ஏறிக்கொண்டு போனது. கிளினிக்கில் தாதி மேரிஜோசப்பின்தான் விளங்கப்படுத்தினார், சாப்பிடுறது சீனியாகி இரத்தத்தில ஓடுதம்மா, உடம்பு வேலை செய்தால் தசை அதை இழுத்து எரிக்கும், சும்மா இருந்தால் அங்கையே தேங்கி நிக்கும் என்று. ஆடி அசைந்து ஆறுதலாக நடந்தால் காணாதாம், மூச்சுக் கொஞ்சம் வாங்கோணும், கதைக்க ஏலும், பாட ஏலாது, அந்த வேகமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் அடுப்பு எனக்குத் தெரியும், விறகு நிறைய இருந்தாலும் காற்றுப் போகாவிட்டால் புகைக்குமே தவிர எரியாது. அப்படியோ பிள்ளை என்று கேட்டேன், ஓமம்மா, நடந்து வந்து இருந்த பிறகும் கொஞ்ச நேரம் எரிஞ்சுகொண்டுதான் இருக்கும், நெடுக நடந்தால் உடம்பு சீனியை எடுக்கப் பழகிவிடும் என்றார். போன கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. விழுங்குகிற குளிசையை நிற்பாட்டவில்லை, போட இருந்த இன்சுலின் ஊசியைத்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள். திரும்ப ஏறினால் ஊசிதான்.

இப்போது நீ ஐயாத்துரையின் ஓட்டோவைக் காலமை காலமை அனுப்புகிறாய். நான் ஏறுவதில்லை, அவனோ காசு வாங்கிய பாவத்துக்குப் புளியங்கூடல் வரைக்கும் என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருகிறான். நேற்று வழியில் இராசமணி தன் வீட்டுப் படலையில் நின்று, என்ன சிவக்கொழுந்தக்கா, சாமி முன்னுக்கு நடக்கத் தேர் பின்னுக்கு வருகுது என்று சிரித்தாள். பிரதாபன் காசு அனுப்பிறேல்லையோ, இப்பிடி நடக்கிறியள் என்று முன்பு கேட்டவளும், அந்தக் கதையைக் கனடாவில் உன் காது வரைக்கும் சேர்ப்பித்தவளும் அவள்தான். இருந்து யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பிள்ளையின் தாய் தெருவில் நடந்தால் அது பிள்ளைக்கு மானக்குறைவு, அதற்காகவே எத்தனை தாய்மார் கதிரையில் இருந்து இருந்து கால் விறைத்துப் போனார்கள். உனக்கு ஒரு சொல் வராமல் இருக்க நான் ஊசி போட வேண்டும், எனக்கு ஊசி வராமல் இருக்க நீ ஒரு சொல் பொறுக்க வேண்டும். எது பெரிது என்று நீயே சொல்லு.

உனக்கும் சீனி எல்லையில் நிற்கிறது என்று மருமகள் சொன்னாள், நீ மறைத்துவிட்டாய். நாள் முழுக்க லொறியில் இருக்கிறவன், எனக்கு விடியும் நேரம் உனக்கு இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும், சாயாமல் எழும்பி நட. குளிர் என்று சாட்டுச் சொல்லாதே, காதை மூடிக்கொள். ஐயாத்துரைக்கு நீயே போன் எடுத்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் சொன்னால் அவன் கேட்கிறான் இல்லை.

அம்மாள் உங்கள் எல்லோரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒரு புதுப் படம் தபாலில் போட்டுவிடு, போனில் வருவதைக் கையில் பிடிக்க ஏலாது. கதிரையில் இருந்தோ காரில் சாய்ந்தோ எடுக்காதே, சப்பாத்துப் போட்டுத் தெருவில் நடக்கிற படமாக இருக்கட்டும். இராசமணியின் படலையைத் தாண்டும்போது நான் அதைத்தான் காட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
த. சிவக்கொழுந்து