கதிர் வாங்காத சோளம்

14 நவம்பர் 1988, திங்கள்

அறுக்கச் சொன்னது நான்தான் என்று இன்று சொல்லவில்லை.

மடத்துக்குளம் கல்யாணத்துக்குப் போன அப்பா திரும்பியபோது சிவலை செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கன்று போட்டு நாற்பது நாள்கூட ஆகாத மாடு. அப்பா அதன் முன்னால் கிடந்த தீவனத்தைக் கையில் எடுத்தார். முழங்கால் உயரச் சோளம், அதைச் சுற்றிய தட்டைப்பயறுக் கொடி.

"ஏ மருதா, கதிர் வாங்காத சோளம் நஞ்சுன்னு உனக்கு நான் சொல்லோணுமா?"

மருதாள் என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க சாமி."

இருபது வருஷமாக எங்கள் மாடுகளைப் பார்ப்பவள். அவளுக்கா தெரியாது?

15 நவம்பர்

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

கலந்து விதைக்கலாம் என்று அப்பாவை நச்சரித்தது நான். நூலகத்துப் புத்தகத்தில் இருந்தது: சோளத்தோடு பயறு கலந்தால் தீவனம் சத்தாகும், பால் கூடும். அப்பா சிரித்துக்கொண்டே கிணற்றடியில் கால் ஏக்கர் கொடுத்தார். உன்ற காடு, நீயே பாத்துக்கோ கண்ணு என்றார்.

ஐப்பசி மழை வரவில்லை. கிணற்றிலும் தண்ணீர் இல்லை. பயறு எப்படியோ தாங்கிப் பூத்தது. சோளம் முழங்காலோடு நின்றுவிட்டது. கலந்து வீசிய விதை - ஒன்றை விட்டு ஒன்றை அறுக்க முடியாது.

நேற்றுக் காலை மருதாள் அரிவாளோடு தயங்கி நின்றாள். "சோளம் இன்னும் கதிர் வாங்கலீங்களே அம்மிணி."

பூத்ததும் அறுக்கலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது என்றேன். பயறு கலந்திருப்பதால் நஞ்சு முறிந்துவிடும் என்றும் சொன்னேன். இந்த இரண்டாவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது என் வாயில் எங்கிருந்து வந்தது?

16 நவம்பர்

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'சோளம் பாதி பூத்த பின்.' சோளம் என்றுதான் இருக்கிறது, பயறு என்று இல்லை.

19 நவம்பர்

மருதாளை இனி வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் கயிறுகளை எல்லாம் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

எத்தனை கதைகளில், வாய் திறக்காமல் நின்றவர்களைக் கோழை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

20 நவம்பர்

கன்றை மற்ற மாடு சேர்க்க மறுக்கிறது. உதைக்கிறது.

24 நவம்பர்

பொழுது சாய்வதற்குள் மருதாள் ஊட்டுக்குப் போனேன். அவள் தெருவுக்குள் நான் போனது இதுதான் முதல் தடவை. அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வேண்டாமுங்க அம்மிணி. நான்தான் உங்களச் சொல்ல வெச்சன்னு அதுக்கும் என்னையத்தான் பேசுவாங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சே - இப்பவும் எனக்கு நல்லா இருக்கறதப் பத்தியே நெனைக்கறேன்.

27 நவம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன். அப்பா சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"தெரியுங் கண்ணு. அன்னைக்கே தெரியும். இருபது வருசத்துல அவ ஒருக்காக்கூட அப்புடி அறுத்ததில்ல."

அப்புறம் ஏன் அவளை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"கட்டிக்குடுக்கற புள்ள நீ. கறவ மாட்டக் கொன்னவன்னு ஊருக்குள்ள பேரு வேணுமா?"

கை கழுவப் போய்விட்டார்.

பதின்மூன்று நாட்களாக ஒரு கதவை என் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அறையே இல்லை.

2 டிசம்பர்

கன்றும் போய்விட்டது.

9 ஜனவரி 1989

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத எதுவும் இல்லை என்பதல்ல.

கிணற்றடியை உழுது போட்டுவிட்டார்கள். மருதாள் காலை ஆறு மணி பஸ்ஸில் திருப்பூர் போகிறாள், பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்ட. எங்கள் மாடுகளுக்கு மங்கலத்திலிருந்து வேறு ஆள் வந்தாயிற்று.