படகில் முதலில் எது?

விடுதி, பிப்ரவரி 4

அன்புள்ள லிம்போ அக்காவுக்கு,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன், எனக்குப் பெருமை தராததையும் சேர்த்து.

எங்கள் நாலிஷெபோ டீச்சர் ஆறாம் வகுப்பில் கேட்டார்: "வெள்ளம் வாசலுக்கு வந்தாச்சு. மேட்டு நிலத்துக்குப் போகப் படகு ஒண்ணுதான். முதல்ல எதை ஏத்துவீங்க? ஏன்?" ஒருத்தி ஆடு என்றாள். ஒருத்தன் கதவு என்றான், காரணமும் சொன்னான்: "திரும்பி வந்ததும் இந்தச் சமவெளியில மரத்துக்கு எங்க போறது?" இனோங்கே, "துடுப்பு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். "சிரிங்கடி! கையாலயே தள்ளிக்கிட்டுப் போங்க!" என்றாள். நான் சோள மூட்டை என்றேன்.

காரணம் சொன்ன எல்லோருக்கும் டீச்சர் மதிப்பெண் போட்டார். தலைமை ஆசிரியர் இமாசிக்கு சார் விடைக்குறிப்பைப் பார்த்தார். அதில் இருந்தது சோள மூட்டை மட்டும். மற்றவர்களுக்குப் பூஜ்யம் போடச் சொன்னார். டீச்சர் மறுத்துவிட்டார். அடுத்த வாரச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அவரை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றப்போகிறார்களாம்.

சரியான விடை சொன்னவள் நான்தான். எனக்கு ஏன் களி இறங்கவில்லை?

உன் நாசிலேலே

மோங்கு, பிப்ரவரி 8

அன்புத் தங்கைக்கு,

கடிதம் படகில் வந்து சேர்ந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நானும் விடைக்குறிப்பை வைத்துத்தான் தாள் திருத்துகிறேன். உங்கள் சாரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே.

ஒன்று மட்டும் சொல். சோள மூட்டை உன் விடையா, புத்தகத்தின் விடையா? நம் வீட்டில் அதை முதலில் ஏற்றி நான் பார்த்ததில்லையே.

லிம்போ

விடுதி, பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று பெற்றோர் கூட்டத்தில் தலையிட்டுவிட்டேன்!

"ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். பரீட்சையில கதை எடுபடாது" என்றார் சார். பெற்றோர்கள் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். "சார், அந்தக் கேள்வியை இவங்ககிட்டயும் கேக்கலாமா?"

"தாராளமா கேளு. சோளம்னுதான் சொல்லுவாங்க."

கேட்டேன். "வலை" என்றார் இனோங்கேயின் அப்பா.

"ஆமா, போன வருஷம் வலையை ஏத்திட்டு என்னைத் தண்ணியில நிக்க வச்ச மனுஷன்தானே! நெருப்புச் சட்டிதான் முதல்ல. ஈர விறகை ஊதிப் பாத்தா தெரியும்" என்றார் அவள் அம்மா. அதன்பிறகு ஆளுக்கொரு பொருள், ஒரே கூச்சல். ஒருவர் வாயிலும் சோளம் வரவில்லை.

"நீங்க சொல்லுங்க சார்?" என்றார் இனோங்கேயின் அம்மா.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பள்ளிக்கூட மணி. அது இல்லாம மேட்டுல பிள்ளைங்களை எப்படி..." பாதியில் நிறுத்திக்கொண்டார். தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். கடைசியில் சாரும் சிரித்தார்.

"நல்ல காரணம் சார். முழு மதிப்பெண்" என்றார் டீச்சர்.

"அப்ப நீங்க ஆறாம் வகுப்புலயே இருங்க டீச்சர். எனக்குக் கிடைச்சது பிள்ளைங்களுக்கும் கிடைக்கட்டும்" என்றார் சார். இனோங்கே ஓடிப்போய் அந்த மணியையே அடித்தாள்!

அக்கா, சோளம் புத்தகத்தின் விடை. என் விடை பூனை. பூனை இல்லாவிட்டால் மேட்டில் எலி சோளத்தையே மிச்சம் வைக்காது. திங்களன்று டீச்சரிடம் சொல்வேன். நீ எதை ஏற்றுவாய்? காரணத்தோடு எழுது. விடைக்குறிப்பைப் பார்க்கக் கூடாது.

நாசிலேலே

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. விளக்கை அணைத்துவிட்டார்கள்.