நடிப்பு என்று நான் நினைத்தது

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவதற்கும் கொஞ்சம் நேரம் கிடைத்து நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். போன மாதம் போனில் நீ கேட்டபோதும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன், ஆனால் அது பொய். இப்போது எழுதுவது நிஜம். அம்மா நன்றாக இருக்கிறாள், தானே குளிக்கிறாள், தானே வாசல் வரை நடக்கிறாள், நான் போடும் டீயைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறாள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைப் படிக்கும்போது நீ பதறிப்போய் விமான டிக்கெட் தேட ஓடக் கூடாது.

வீட்டில் வேறு செய்தி என்றால், மாடி வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து நம் கூரையில் தண்ணீர் ஒழுகுவது இன்னும் நிற்கவில்லை, பிளம்பர் வருகிறார், அண்ணாந்து பார்க்கிறார், உச்சுக்கொட்டுகிறார், போய்விடுகிறார். நீ அனுப்பிய ஸ்வெட்டர்களில் அம்மாவுடையது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது, என்னுடையது வயிற்றருகில் வந்து மல்லுக்கட்டுகிறது. உன் சித்தப்பா முழங்கால் வலிக்கு யாரோ சொன்ன எண்ணெயைத் தடவி, வலி அப்படியே இருக்க, தோல் உரிந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். இப்படி இன்னும் ஒரு பக்கம் எழுதலாம், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

என் வேலையைப் பற்றி உன் தோழிகளிடம், எங்கப்பா நோயாளியே இல்லாத டாக்டர் என்று சொல்லிச் சிரிப்பாயே, அது உண்மைதான். மருந்து எழுதுவதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேலாகிறது. டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் எப்படிக் கற்றுக்கொடுப்பது, அவர்கள் கற்றுக்கொண்டார்களா என்று எப்படிச் சோதிப்பது, இதுதான் எங்கள் துறையின் வேலை. அதிலும் என்னுடைய ஆராய்ச்சி, நோயாளி பேசும்போது எதிரே இருப்பவர் எவ்வளவு சீக்கிரம் குறுக்கே விழுந்து பேச்சை வெட்டிவிடுகிறார் என்பது. அதைப் பற்றி எத்தனை ஊர்களில் மேடையேறிப் பேசியிருக்கிறேன், எத்தனை கைத்தட்டல், எத்தனை சால்வை. ஒவ்வொன்றுக்கும் உன் அம்மாதான் பெட்டி கட்டிக் கொடுத்தாள். இப்போது இதை எழுதும்போதே காது மடல் சுடுகிறது.

கடைசி வருட நர்ஸிங் மாணவர்களுக்குப் போன மாதம் செய்முறைத் தேர்வு நடந்தது. அதில் ஒரு பகுதிக்கு நோயாளிபோல நடிப்பதற்கு ஆட்களைப் பழக்கி வைத்திருப்போம். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு திரை, குழாய் மட்டும் இருந்து தண்ணீர் வராத ஒரு வாஷ்பேசின். நடிப்பவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார், மாணவர் ஒவ்வொருவராக வந்து விசாரிக்க வேண்டும், மணி அடித்தால் அடுத்தவர். சுவரில் பெரிய கண்ணாடி, அவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, அதற்குப் பின்னால் இருட்டில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு அது ஜன்னல். அன்று காலையில் நடிக்க வேண்டிய அம்மாளுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. வேறு ஆள் கிடைக்காமல் நான் வீட்டுக்குப் போன் செய்து உன் அம்மாவைக் கூப்பிட்டேன். வயிற்றெரிச்சல் என்று வரும் ஒரு பெண், அவ்வளவுதான் வேஷம், வசனம் நான் சொல்லித் தருகிறேன் என்றேன். அவள், "நான் எதையும் ஒழுங்கா சொல்ல மாட்டேன்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, என்னைப் போய்க் கூப்பிடுறீங்களே" என்றாள். நான் அதை ஒரு ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு, ஆட்டோ பிடித்து வரச் சொன்னேன். தேர்வு அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. அவள் ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, லேட்டாகிவிட்டது என்று வசனத் தாளைக் கையில் திணித்தேனே தவிர, உட்காரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் வந்த மாணவர்களிடம் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னாள். பிறகு ஒரு பெண் வந்தாள். வகுப்பில் அவள் பேசினால் முன் பெஞ்சுக்கே கேட்காது, ஆசிரியர்களுக்குள் நாங்கள் அவளுக்கு மெல்லக்குரல் என்று பெயர் வைத்திருந்தோம், பெயர் வைத்தவன் நான்தான். அவள் வந்து நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னம்மா பண்ணுது என்று கேட்டாள். அம்மா வயிற்றெரிச்சல் என்றாள். வேற என்னம்மா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். கேள்விகள் எத்தனையோ பாக்கி, நேரம் ஓடுகிறது, இந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு எரிச்சல், மதிப்பெண்ணைக் குறைத்தேன். அப்போது அம்மா பேச ஆரம்பித்தாள், எழுதிக் கொடுக்காத வசனம். படியேறினால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, தாடை வரைக்கும் இழுக்கிறது, ரொம்ப நாளாக இருக்கிறது என்றாள். வீட்டில் சொன்னீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். அதற்கு உன் அம்மா சொன்னாள், "சொல்ல ஆரம்பிச்சேம்மா. எப்ப ஆரம்பிச்சது, எங்க வலிக்குது, தலையும் வாலும் இல்லாம பேசாம வரிசையா சொல்லுன்னு கேப்பாரு. வரிசையா சொல்ல வரல. அப்புறம் விட்டுட்டேன்."

குட்டிம்மா, அது என் வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு. என் வார்த்தைகள். அதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் துறைத் தலைவியிடம், எங்க வீட்டம்மா இவ்வளவு நல்லா நடிப்பாங்கன்னு எனக்கே தெரியாது என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்தப் பெண் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். எழுந்து கண்ணாடியைப் பார்த்து, சார், இவங்களுக்கு வேர்க்குது, இது நடிப்பு இல்ல, யாராவது வாங்க என்றாள். தேர்வில் நடிப்பை விட்டு வெளியே வந்தால் அந்தப் பகுதியில் தேர்ச்சியில்லை என்பது விதி, அந்த விதியை எழுதியவனும் நான்தான். மைக்கை அழுத்தி, உக்காருங்க, நேரம் ஓடுது, கேள்வியைக் கேளுங்க என்று சொல்லிவிட்டு, குனிந்து தாளில் தேர்ச்சியில்லை என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். நான் நிமிர்ந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள், கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள், அம்மாவை ஒரு தடவை பார்த்தாள், கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வீல்சேர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வராந்தாவுக்குப் போய், வரிசையில் காத்திருந்த அத்தனை மாணவர்கள் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியலைன்னா வார்டுல என்ன பண்ணுவீங்க என்று கேட்டேன். அவள் கொஞ்சம் நகர்ந்து நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாக, கட்டிலில் சாய்ந்து கிடந்த உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சுவரின் வெள்ளைக்கும் அந்த முகத்துக்கும் வேறுபாடு இல்லை.

அடுத்த கட்டிடத்திலேயே ஆஸ்பத்திரி என்பதால் உடனே கொண்டுபோய்விட்டோம். அங்கே இருந்த இதய டாக்டர் ஒரு காலத்தில் என் வகுப்பில் உட்கார்ந்தவர். எவ்வளவு நாளா இருக்குது என்று அவர் கேட்டதும் பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன், திறந்த வாயில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவர் தன்மையாக, அவங்களே சொல்லட்டும் சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க என்றார். திரைக்கு வெளியே நின்று, என் மனைவியின் உடம்பில் என்ன நடந்தது என்பதை அடுத்தவர் கேட்க, நான் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் போகட்டும் என்று சொல்லலாம். இதற்குப் பிறகு செய்ததுதான் உன்னிடம் சொல்லவே கூசுகிறது. அம்மாவுக்கு ஆபத்து நீங்கியதும் துறைத் தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்பீக்கர் கோளாறு, அந்தப் பகுதி செல்லாதுன்னு எழுதிடலாம் சார். பொண்ணுக்கு மார்க்கும் போகாது, உங்க பேரும் அடிபடாது" என்றார். நான் தலையாட்டினேன். உடனே ஆட்டினேன், யோசிக்கக்கூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். அதே நாளில்தான் நீ போன் செய்தாய், அம்மாவுக்கு லேசாக வாயுத்தொல்லை என்று சொன்னேன். வாய் ஒரு பொய்க்குப் பழகிவிட்டால் அடுத்தது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்தாயா.

இரண்டு நாள் கழித்து வார்டுக்குள் நுழைந்தேன், அந்தப் பெண் சீருடையோடு அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சடாரென்று எழுந்து, முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போய், சாரி சார் என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண் போன பிறகு அம்மா சொன்னாள், அவளுடன் படிக்கிறவர்கள் அவளை இப்போது அலாரம் என்று கூப்பிடுகிறார்களாம், யாராவது தும்மினால்கூட, கூப்பிடுங்கடா அலாரத்தை என்று சிரிக்கிறார்களாம். ஏனென்றால் அவர்கள் பார்த்தது நான் திட்டியதைத்தான், பின்னால் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. ஸ்பீக்கர் கோளாறு என்றுதான் அறிவிப்புப் பலகையில் இருந்தது.

மறுநாள் தேர்வுக் குழுவிடம் போய், ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது, அதில் பேசிய ஆள்தான் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். துறைத் தலைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த வகுப்புக்குப் போனேன். உன் அப்பா மேடைக்குப் பயந்தவனில்லை என்று உனக்குத் தெரியும், அன்று மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன், வைத்த பெயரையும் சொன்னேன், சிரித்ததையும் சொன்னேன், கோடு போட்டதையும் சொன்னேன். அவள் செய்ததுதான் சரி, நான் செய்தது தவறு, அவளை யார் முன்னால் திட்டினேனோ அவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்ப ரூல் மாறுமா சார்" என்று கேட்டான், நல்ல கேள்வி. மாறிவிட்டது. இனிமேல் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் தேர்வு நிற்கும், சந்தேகம் தப்பாகவே இருந்தாலும் யாருக்கும் மதிப்பெண் போகாது.

எல்லாம் முடிந்தது என்று நான் தாள்களை எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எழுந்தாள். வழக்கமான அந்தச் சின்னக் குரலில்தான் பேசினாள், ஆனால் அன்று கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "சார், நீங்க மைக்ல உக்காருங்கன்னு சொன்னப்ப நான் உக்காந்துட்டேன் சார். ஒரு செகண்ட் உக்காந்துட்டேன். அவ்வளவு பெரிய சார் சொல்றாரு, நமக்கு என்ன தெரியும்னு நினைச்சேன். அம்மா என் கையை விடல, அதனாலதான் எழுந்தேன்."

நான் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தேன், அவள் உட்கார்ந்ததை நான் பார்க்கவே இல்லை, குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு செகண்ட் இரண்டு செகண்டாகியிருந்தால், நான் பாடம் சொல்லிக் கொடுத்த முறைப்படி அவள் கீழ்ப்படிந்திருந்தால், இன்றைக்கு உனக்கு நான் வேறு விதமான கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். இருபது வருடமாக நான் என்ன கற்றுக்கொடுத்தேன் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ராத்திரி அம்மா புரண்டு படுத்தால்கூட விழித்துக்கொள்கிறேன், ஆனால் என்ன பண்ணுது என்று கேட்க வாய் வருவதில்லை, கேட்கும் யோக்கியதை இருக்கிறதா என்று கூச்சமாக இருக்கிறது.

நீ என் மேல் கோபப்படு, அது நியாயம்தான். மாப்பிள்ளையிடமும் காட்டு, மறைக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன், அவர் அலுவலகத்திலிருந்து வந்து எதையாவது தலையும் வாலும் இல்லாமல் சொன்னால், நீ என் மகள், திருத்திச் சொல்ல வாய் பரபரக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை இருக்கிறது என்று காலைச் சாப்பாட்டை விடாதே. இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேறு ஆசை இல்லை.

இந்தக் கடிதம் எழுதப் போகிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். சம்மதம் கேட்டேன். "நீங்க பண்ணினதை நீங்க எழுதுங்க, எனக்கு இப்ப எப்படி இருக்குன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அதனால்தான் டாக்டர் என்ன செய்தார், என்ன மருந்து என்று ஒன்றும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறக்காமல் போன் செய், அவள்தான் எடுப்பாள். நான் அந்த நேரத்துக்கு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

உன் அப்பா