முதல் தண்ணீர் ஊற்றிய பிறகு

மேல் லயம், குன்னூர்
6.3.2024

அன்புள்ள ராஜப்ரியாவுக்கு,

உன் அண்ணி இந்துமதி எழுதுவது. நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மசினகுடியில் உன் அம்மா வீட்டு வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே கொழுந்து எடுக்கப் போகும்போது விரல் மரத்துப்போகிற குளிர் இன்னும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் உங்கள் வீட்டில் நடந்த உன் வளைகாப்பை நினைத்து நினைத்துப் பூரிக்கிறேன். நான் போட்ட பச்சை வளையல்தான் உன் கைக்கு எடுப்பாக இருந்தது, மற்றவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தம்பி ரவி என்னிடம் வந்து, "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டானே, அது போதும் எனக்கு. அப்பாவுக்கு முடியாமல் போனதை நான் காலத்தோடு சொல்லாமல், "சும்மா வயித்து வலிதான், லீவு போட்டுட்டு வராதே" என்று சொல்லிச் சொல்லி, அப்போது வேலை பார்த்த திருப்பூரிலிருந்து அவன் வந்தபோது அப்பா முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு முறித்துக்கொண்டு போனவன் இரண்டு வருஷமாகப் பேசவில்லை. அவனைப் பேசவைத்தவள் நீ. நீயே போன் பண்ணி, "நாத்தனார் வளையல் போடாம என்ன வளைகாப்புங்க அண்ணி?" என்று கூப்பிட்டாயே, அந்தக் குணம் எல்லோருக்கும் வராது.

இப்போது ஒன்று சொல்லவேண்டும். பதறாமல் படி.

என் பிள்ளை தர்ஷினிக்கு அம்மை போட்டிருந்தது. கொழுந்து எடுக்கப் போகையில் பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போகிற யார் பிள்ளையிடமிருந்தோ வந்திருக்கிறது. வளைகாப்புக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மேலெல்லாம் முத்து முத்தாக எழும்பிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, இந்தக் குளிரில் எங்கள் பக்கம் வேம்பு வளராது. மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டரிடம் சொல்லி இலை வந்துசேரவே வியாழன் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மஞ்சளும் வேப்பிலையும் போட்டு முதல் தண்ணீர் ஊற்றினேன். காய்ச்சலும் விட்டது, பிள்ளையும் விளையாட ஆரம்பித்துவிட்டாள். முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று என்றால் அம்மா இறங்கிவிட்டாள் என்பதுதானே நம் கணக்கு. அந்தத் தைரியத்தில்தான் வளைகாப்புக்குக் கூட்டிவந்தேன்.

இன்றைக்கு நர்ஸம்மா எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து, அந்தக் கணக்கே தப்பு என்கிறார். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை ஒட்டுமாம். மாசமாக இருப்பவர்கள் டாக்டரைப் பார்ப்பது நல்லதாம். எதற்கும் நீ ஒருமுறை காட்டிவிடு. பயப்பட ஒன்றுமில்லை.

உன் அண்ணி,
இந்துமதி


மசினகுடி
15.3.2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. இன்றைக்குக் காலையில் கூடலூர் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

என்றைக்குக் குழந்தை பக்கத்தில் இருந்தாள் என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "பத்து நாளைக்குள்ள வந்திருந்தா கோயமுத்தூர்லருந்து ஒரு ஊசி வரவெச்சுப் போட்டிருக்கலாமேம்மா, ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார். உங்கள் கடிதம் தபாலில் கிடந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை என்று அம்மா அடித்துச் சொல்கிறது. இனிமேல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். பெரியவர்களுக்கு வந்தால் நெஞ்சில் சளி இறங்குமாம், மாசமாக இருந்தால் இன்னும் மோசமாம்.

உங்கள் கையில் போன் இருந்ததே அண்ணி.

வளைகாப்பு அன்றைக்குப் பாப்பா என் மடியை விட்டு இறங்கவே இல்லை. என் தட்டிலிருந்துதான் லெமன் சாதம் ஊட்டினேன். தலையை அரிக்கிறது என்று குல்லாவைக் கழற்றப் போனாள். நீங்கள் ஓடிவந்து, "கழட்டாதே, குளிரும்" என்றீர்கள். கோத்தகிரிக் குளிர்தானே என்று நானே அதை இழுத்து மாட்டிவிட்டேன். குல்லாவுக்கு அடியில் என்ன இருந்தது என்று நேற்றுத்தான் புரிந்தது.

உங்கள் தம்பியிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அம்மை இருந்தது என்று சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்தால் இந்த ஜென்மத்தில் உங்களோடு பேசமாட்டார். பிரசவம் முடிகிற வரை எனக்குச் சண்டை பார்க்கத் தெம்பில்லை. உங்களுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தயவுசெய்து போன் பண்ணாதீர்கள். உங்கள் குரலைக் கேட்க இப்போது முடியாது. சொல்லவேண்டியது இருந்தால் எழுதுங்கள். தபாலை நம்பாமல் இதைக் குன்னூர் போகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ராஜப்ரியா


மேல் லயம், குன்னூர்
17.3.2024

என் தங்கமான ராஜப்ரியாவுக்கு,

நானும் இதைத் தபாலில் போடவில்லை. உன் அண்ணன் முத்துராஜ் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் கொண்டுவருகிறார். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார், காபிகூடப் போடவேண்டாம்.

நீ கேட்டது நியாயம். குல்லாவுக்கு அடியில் முடிக்குள் நாலைந்து கொப்புளம் நீர் கோத்தபடி இருந்தது. எனக்குத் தெரியும். நம் மலையில் பிள்ளை குல்லா போட்டிருந்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும். தண்ணீர் ஊற்றியாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரவில்லை என்று சொன்னால், ரவி மறுபடியும் முறுக்கிக்கொள்வானோ என்ற பயம்தான் பெரிதாகத் தெரிந்தது. அவள் உன் மடியில் ஏறி உட்கார்ந்தபோதே தூக்கிவிட்டிருக்கவேண்டும். வாயைத் திறக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், நீ என்னை எப்படி நினைத்தாலும் சரி. நர்ஸம்மா அன்றைக்கு என்னிடம் நேராகவே கேட்டார், "கிட்டக்க வந்தவங்கள்ல மாசமா இருக்கறவங்க யாராச்சும் உண்டா?" என்று. சுற்றி லயத்துப் பெண்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே உனக்குப் போன் போட்டிருப்பார். உனக்கு ஊசி கிடைத்திருக்கும். நான் போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன், கடைசியில் கோழை மாதிரி கடிதம் எழுதினேன். "பயப்பட ஒன்றுமில்லை" என்று வேறு எழுதினேன் பார், அந்தக் கையை ஒடித்தால்கூடத் தகும்.

நேற்று சப் சென்டருக்குப் போய் நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது கிடக்கட்டும். அவர் சொன்னதை எழுதுகிறேன், உன் அம்மாவுக்கும் படித்துக்காட்டு. ஒரு பொட்டு கிளம்பினாலும் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். மூன்று தண்ணீர் ஊற்றட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அம்மைக்கென்று மாத்திரை இருக்கிறது, உடனே ஆரம்பித்தால்தான் கேட்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தாலொழியக் கடையில் கேட்டு எதையும் வாங்கி விழுங்காதே. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். தனி அறை, தனித் தட்டு, தனித் துண்டு. ஜன்னலைத் திறந்து வை. அரித்தால் கேலமைன் தடவலாம், சொறியக் கூடாது. துணியைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடச் சொல். அம்மை போடாதவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வாசலைத் தாண்டவே கூடாது. இளநீர், மோர், கஞ்சி எல்லாம் குடிக்கலாம். வேப்பிலையில் படுப்பதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூச்சு வாங்கினால் மட்டும் சாமியையும் பார்க்காதே, சனத்தையும் பார்க்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

அப்படி ஒன்றும் வராமல் போகட்டும்.

உன்னிடம் முகம் காட்டத் தகுதியில்லாத
இந்துமதி


மசினகுடி
4.4.2024

அண்ணிக்கு,

வந்தது. அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போன மூன்றாம் நாள் கழுத்தில் ஒன்று, மார்பில் இரண்டு. சாயங்காலத்துக்குள் முகம் பூரா.

அம்மா சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு, வாசல் வேம்பை ஒடித்து வந்து கட்டிலில் பரப்பிவிட்டது. ஆஸ்பத்திரி என்றதும் காலைப் பிடிக்காத குறை. "ஆத்தா வந்திருக்கறப்ப மாத்திரை முழுங்குனா கோவிச்சுக்குவா கண்ணு, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று அழுதது. உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தது. நர்ஸம்மாவிடம் இல்லை என்று சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. "இவ மறைச்சது பத்தாதுன்னு நானும் தடுக்கணுமா?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஜீப்புக்குச் சொல்லிவிட்டது.

மாத்திரையை அன்றைக்கே ஆரம்பித்தார்கள். அப்படியும் நாலாம் நாள் படி ஏறினால் மூச்சு இழுத்தது. ஊட்டி ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய் வைத்து, ஊசி மேல் ஊசி. உங்கள் தம்பிக்குச் சின்ன வயதிலேயே போட்டிருந்ததால் பக்கத்தில் இருக்க விட்டார்கள். பிள்ளை அசைகிறதா அசைகிறதா என்று என் வயிற்றிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் பொருக்குக் கட்டிவிட்டது. ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது.

நீங்கள் எழுதியதை ஒன்று விடாமல் செய்தேன். அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போகவில்லை. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் வருகிறது.

ராஜப்ரியா


மசினகுடி
3.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

பெண் குழந்தை. ரவி போனில் சொல்லியிருப்பார். தோலில் ஒரு வடு இல்லை, கண், காது எல்லாம் டாக்டர் பார்த்துவிட்டார். தொண்டை மட்டும் நம் ஃபேக்டரி சங்கு மாதிரி. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் சொல்லமாட்டேன்.

நடுவில் நீங்கள் எழுதிய கடிதங்கள் வந்தன. பிரிக்கவில்லை. பிரித்தால் மன்னித்துவிடுவேனோ என்று இருந்தது, அதற்கு மனசு வரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். வேலைக்குப் போகாமல் பிள்ளைக்காம்பராவில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளின் தலையையும் முடி விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களாமே. கங்காணி திட்டுகிறார் என்று எழுதியிருந்த இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்ததும் என் மேலேயே கோபம் வந்தது.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடுகிறோம். அத்தைதான் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். உங்கள் தம்பி, "அக்கா ஏன் குழந்தையைப் பாக்கவே வரல? நாந்தான் மறுபடி எதாச்சும் பேசிட்டேனா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தன் மேல்தான் தப்பு என்று நினைக்கிறார். அந்தப் பஸ் கண்டக்டரைப் பார்க்கும் நேரமெல்லாம் வேறு, "அம்மை போட்ட பையன எப்படி ஏத்துன?" என்று சண்டைக்குப் போகிறார். அந்த ஆள் பாவம், முழிக்கிறார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் பொய் சொல்கிறேன். கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிப் பழகிவிட்டது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அவருக்கு இருக்கிற ஒரே அக்கா நீங்கள். வாங்க.

தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ராஜப்ரியா


மேல் லயம், குன்னூர்
9.6.2024

என் ராஜப்ரியாவுக்கு,

நீ "வாங்க" என்று எழுதியிருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சாமி கண்ணைத் திறந்துவிட்டது போல இருந்தது. ஆனால் பதினாறாம் தேதி நான் வரவில்லை. என் பங்குக்கு உன் அக்காவோ சித்தியோ யாராவது பேர் சொல்லிக் கூப்பிடட்டும். பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.

ரவியிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று அவன் கொழுந்து மூட்டை ஏற்றுகிற வண்டியோடு நிற்கிற நேரம் பார்த்து நானே போன் போட்டேன். உனக்கு முன்கூட்டிச் சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சொன்னால் நீ தடுத்திருப்பாய், நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு தப்பித்திருப்பேன். உன்னை என் பொய்யைச் சுமக்கவைத்து, அவனைத் தன் மேலேயே பழி போட்டுக்கொள்ள வைத்து, ஊர் கண்டக்டரையும் திட்டு வாங்கவைத்து, நான் மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து தொட்டிலை ஆட்டுவதா? என்னால் ஆகாதம்மா. வருவதற்கு அத்தனை ஆசை இருந்தும் ஆகவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். குல்லாவை, உன் மடியை, நர்ஸம்மாவிடம் இல்லை என்று சொன்னதை, போனை எடுத்து எடுத்து வைத்ததை. நீ அவனிடம் பொய் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான், உன்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்றும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறானா, போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டானா என்றுகூடத் தெரியவில்லை. பின்னால் மூட்டை ஏற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. "ரவி, இருக்கியாப்பா?" என்று கேட்டேன்.

"தர்ஷினிக்குத் தழும்பு ஏதும் விழுந்துருச்சா?" என்றான்.

நெற்றியில் ஒன்று இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டான். அப்புறம் நான் போட்ட போனை எடுக்கவில்லை.

உன் அண்ணி,
இந்துமதி