கரையில் வைத்த ஊசி

இன்று காலை புதிய கர்னலை, கணினியையே ஓட்டுகிற அந்த அடி நிரலை, பில்ட் செய்து தொகுக்க உட்கார்ந்தேனடி. எது வேண்டும், எது வேண்டாம் என்று திரையில் கேள்விகள் ஓட, நடுவில் உன் வரி வந்து நின்றது. ‘பிழைத் தடம் வேண்டுமா?’ கீழே ஆங்கிலத்தில் நீ எழுதிய குறிப்பு: தெரியவில்லை என்றால் ஆமாம் என்று சொல்லுங்கள். கை அப்படியே நின்றுவிட்டது.

இராமநாதபுரத்து மாடி அறையில் படகுகளுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டிருந்தோமே, கடல் எல்லை நெருங்கினால் கத்துகிற பெட்டி. உன் அய்யா போன்ற மீனவர்கள் வாங்க வேண்டுமென்றால் மலிவான சிப்தான் போட முடியும். அதற்குள் கர்னல் அடங்கவே மாட்டேன் என்றது. மீன்பிடித் தடை முடிந்து படகுகள் இறங்குவதற்குள் பெட்டி தயாராக வேண்டும். துருவிப் பார்த்ததில் அகப்பட்டது இந்தப் பிழைத் தடம். நிரல் எங்கே தடுமாறுகிறது என்று எழுதிக் காட்டுகிற பகுதி. மேசையில் நமக்குத் தேவை; நடுக்கடலில் அதை யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் அதை விட்டுவிட்டுப் பில்ட் செய்ய வழியே இல்லை.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே. “வெட்டி எறிஞ்சுட்டு வேலையப் பாரு” என்றேன். தங்கச்சிமடத்துக்காரி உனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்கய்யா வலை தைக்கிற ஊசியக் கரையில வச்சுட்டுத்தான் போவாரு. அதுக்காக ஊசியக் கடல்ல எறிவாரா? வேணுங்கிறவுக வச்சுக்கட்டும், வேணாங்கிறவுக விட்டுட்டுப் போகட்டும். நமக்கு மட்டுமில்லடி, எல்லாருக்கும்.”

வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிற ஒரு சுவிட்சைக் கர்னலுக்குள் எழுதி வைத்தாய். அணைத்ததும் பில்ட் உடைந்தது. அந்தப் பகுதியைக் கூப்பிடும் வரிகள் அங்கங்கே கிடந்தன. அவற்றுக்காக அதே பெயரில், ஒன்றும் செய்யாத வெற்று நிரல் துண்டுகளை எழுதினாய். உலகத்துக்கே பொதுவான அந்தக் கர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பியபோது, “இதை நம்பி இருப்பவர்கள் கதி?” என்று ஒருவர் கேட்டார். “ஒன்றும் சொல்லாவிட்டால் எப்போதும் போல இருக்கும், வேண்டாம் என்பவருக்கு மட்டும் போகும்” என்று பதில் போட்டாய். ஏற்றுக்கொண்டார்கள்! நாற்காலி மேல் ஏறி நீ போட்ட கூச்சலில் கீழே டீக்கடைக்காரர் பதறி ஓடி வந்தார்.

முதல் பெட்டி அய்யா படகில் ஏறியது. பங்குச் சாமியார் படகை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தபோது, “ஐயோ ஃபாதர், ஷார்ட் ஆயிரும்!” என்று கத்தினாயே, கரையே சிரித்தது. அன்றைக்கு உன் பக்கத்தில் நின்றதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அடுத்த தடைக்காலத்துக்குள் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அய்யாவுக்குப் போன் போட்டேன். புதுக் கர்னலிலும் உங்கள் மகள் எழுதியது அப்படியே இருக்கிறது என்றேன்.

“அது எந்தெந்த ஊருக்கெல்லாம் போகுது ஆத்தா?”

“எல்லா ஊருக்கும் போகுதுய்யா.”

“நேத்து எல்லைகிட்டப் பெட்டி கத்துச்சு, திருப்பிட்டோம். ஒங்க மக கூப்பிடுதுன்னு படகுப் பயலுக சொல்றானுக” என்றார்.

படகுப் பெட்டிக்குப் போகிற கர்னலில் ‘வேண்டாம்’ என்று அழுத்தினேன். என் மேசைக் கணினியில் மட்டும் எப்போதும் ‘ஆமாம்’தான். நான் தடுமாறுகிற இடத்தை நீ எழுதிக் காட்டிக்கொண்டே இரு.