விளக்கேற்றும் வரை காத்திருந்த பெட்டி

இன்று காலை கஹவத்தையில் இடி இடித்துக் கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மூலையில் பிரிண்டர் உறுமிச் சூடானது. அந்தச் சூட்டு மை வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, புள்ள.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த நிலையத்தில் எல்லா மெசினுக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர். அதை மற்றவற்றோடு இணைத்தது சவர்க்காரக் கட்டியளவு கறுப்புப் பெட்டி ஒன்று. கரண்ட் போனால் அது தன் எண் முகவரியை மறந்துவிடும். முகவரி இல்லாவிட்டால் ஒரு தாளும் அச்சாகாது. நம் ஊர் மழைக்குக் கரண்ட் போகாத நாள் ஏது? ஒவ்வொரு முறையும் எண்களைக் கையால் அடித்து அலுத்துப்போய், பெரிய கம்ப்யூட்டரே அதற்கு முகவரி கொடுக்கும்படி செய்து வைத்தாய். மாலையில் சோதித்தால் ஒழுங்காக ஓடியது. காலையில் மட்டும் வாயே திறக்கவில்லை.

பொறுப்பாளர் மாத்தயா கறாராகச் சொல்லிவிட்டார்: “மிஸ், சனிக்கிழமை பேப்பர் அடிக்க முடியலன்னா மாதிரிப் பரீட்சைய ரத்தினபுரிக்கு மாத்திருவோம்.” அங்கே மாறினால் தோட்டத்து மேல் டிவிஷன் பிள்ளைகளுக்குப் பஸ் கிடையாது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அவர்களுக்கு இருந்த ஒரே ஒத்திகை அது.

வெள்ளிக்கிழமை காலை நான் சாமி படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். கும்பிட்ட பிறகுதானே பெரிய கம்ப்யூட்டரைப் போடுவோம்! முதல் நாளே அதற்குச் சந்தனம் வைத்தவள் நீதான். திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தாய்.

“அடியே, வாசல்ல மெயின் சுவிட்ச போட்டதுமே பெட்டி முழிச்சிருது. காலைப் பெரட்டுக்கு மொத ஆளா வந்து எனக்கு எந்த மலையில வேலைனு கேக்குது. வேலை பிரிச்சுக் குடுக்குற கணக்கப்பிள்ளை இன்னும் வீட்ல சாமி கும்புடுறாரு!”

“அப்ப வெளக்க பொறகு ஏத்திக்கலாமா?”

“வெளக்கு மொதல்லயே எரியட்டும். பெட்டி பொறுத்துக்கட்டும்.”

கொஞ்சம் கேட்டுப் பார்த்துவிட்டு அடங்கிப்போகும் பெட்டி அது. பதில் வரும் வரை விடாமல் கேட்கும்படி அதை மாற்றினாய்.

சனிக்கிழமை கேள்வித்தாள் டிஸ்க் வந்த நேரம் பார்த்து இடி, கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் நனைந்த சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் திரும்பியும் நீ அசையவில்லை. காற்றில் அணைந்த விளக்கை நான் மறுபடி ஏற்றும் வரை பிடிவாதமாக நின்றாய். மாத்தயா கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அதன் பிறகுதான் பெரிய கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினாய்.

முதல் தாள் விழுந்தது. பரீட்சைத் தாளைப் பார்த்து ஆர்ப்பரித்த பிள்ளைகளை அன்றுதான் கண்டேன். “ஷா, வெடே ஹரி!” வேலை சரியாகிவிட்டது என்று மாத்தயாவே சிங்களத்தில் கத்தினார். நீயோ சூடான தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீ போன பிறகு நிலையம் என் கைக்கு வந்தது. மேல் டிவிஷனுக்கும் ஒரு நிலையம் வேண்டுமென்று கேட்டு மேலதிகாரிகளின் கந்தோருக்குப் போகும்போதெல்லாம் “நாளைக்கு வாங்க” என்பார்கள். நானும் போய்க்கொண்டே இருந்தேன். போன வாரம் அதைத் திறந்துவிட்டோம். சந்தனம் வைத்து, விளக்கேற்றி, கும்பிட்ட பிறகுதான் பெரிய கம்ப்யூட்டரைப் போட்டேன். அதுவரை மூலையில் அங்கே வைத்த புதுப் பெட்டியும் நீ மாற்றிய பெட்டி மாதிரியே கேட்டுக்கொண்டே இருந்தது புள்ள. கேட்டதை வாங்கிவிட்டது.