பாவு கட்ட இடமில்லாத தெரு

5-7-71, திங்கள்
எங்கள் பிள்ளையார்பாளையத் தெருவிலேயே இன்று அம்மை குத்தினேன். வீட்டுக்கு வீடு பிள்ளைகள். நான் பிறந்த வருடம் வாந்திபேதியில் இங்கே பாதித் தொட்டில் காலியாம். இப்போது ஒன்றும் சாவதில்லை. சுகாதார ஆய்வாளன் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

6-7-71
விடிந்ததும் ரத்தம்! பட்டுப் பாவை, அதாவது தறிக்கான நெடுக்கு இழைகளை, தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுமுன் சுருட்ட வேண்டும். ஒரு காலைக்கு ஒரு பாவுதான் கட்டலாம். பிழைத்த பிள்ளைகளெல்லாம் வளர்ந்து தறி போட்டாயிற்று — இன்று யார் முறை? எதிர்வீட்டு ராஜவேலு முந்திக் கட்டினான். என் அண்ணன் காசிநாதன் அவன் பாவை அறுத்துவிட்டார். நெசவாளி செய்கிற காரியமா? ராஜவேலு கழியால் அண்ணன் மண்டையைப் பிளந்தான்.

கட்டுப் போடும்போது திட்டினேன். "ஊசி போட்டு யாரும் சாவாம பாத்துக்கினீங்க, சரி. தெருவ நீட்டிக் குடுத்தீங்களாடா?" என்றார்.

கட்டை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

7-7-71
எங்கள் டாக்டர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "எல்லாம் ஜனத்தொகைப்பா. அண்ணனைக் கேம்ப்புக்குக் கூட்டிக்கினு வா."

மண்டை உடைந்தவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு! வேண்டியதுதான், நானே பிரசாரம் செய்கிறவன். ஆனால் ஏற்கெனவே பிறந்து நிற்கிறவன் பாவை எங்கே கட்டுவான்? தெருக்கோடியில் பட்டு முதலாளியின் காலி மனை — மதில், பூட்டு, உள்ளே எருக்கு. அது யார் கண்ணிலும் படாதா?

9-7-71
முதலாளியிடம் நேரிலேயே கேட்டேன். "இன்னிக்குப் பாவு கட்டுவீங்க, நாளைக்குப் பட்டா கேப்பீங்க. போப்பா."

தெருவே இவருக்குத்தானே நெய்கிறது!

அண்ணனும் ராஜவேலுவும் ஸ்டேஷனுக்குப் போகிறார்களாம், ஒருவர்மேல் ஒருவர் புகார். இரண்டு தறியும் நிற்கும்.

12-7-71
மதிலேறிப் பார்த்தேன். பாழுங்கிணறு, யானைக்கால் கொசுவின் புழு நெளிகிறது. சட்டம் என் கையில். நோட்டீஸ் ஒட்டிப் பூட்டைத் திறக்க வைத்தேன்.

இருவரையும் கூப்பிட்டு, "ஸ்டேஷனுக்கு அப்புறம் போங்க. மொதல்ல எருக்கப் புடுங்குங்க" என்றேன்.

"இவன் கூடவா?" — அண்ணன்.

"தனியாப் புடுங்கினா மனைய உம் பேருக்கா எழுதப்போறாங்க? வாய்யா" என்றான் ராஜவேலு.

2-8-71
தெருவில் போன மாதம் நாலு பிரசவம். மனையிலும் பாவு கட்டுகிறார்கள், இப்போது சண்டை இல்லை. டாக்டரிடம் சொன்னேன். "தற்செயல்" என்றார்.

முதலாளி யாரைப் பார்த்தாரோ, எனக்கு மாறுதல். பூட்டோடு மனைக்கு ஆளும் அனுப்பியிருக்கிறார். உள்ளே பாவின் ஒரு முனையில் ராஜவேலு, மறுமுனையில் அண்ணன். "இருப்பா, இன்னும் காயல" என்கிறார்கள்.

மூன்று நாளாக.